மலேரியா இல்லாத நாட்டில் மலேரியா வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணறு பார்க்க வருகிற ஊழியரிடமும், வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலும், வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதலில் ஊர்ச்சனம் கேட்பவை வருகின்றன; போகப்போகச் சுகாதார ஊழியர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்பவை. மருந்தளவுகளைச் சொல்லியிருப்பது வேலை எப்படி நடக்கிறது என்று விளங்குவதற்காக. யாரும் தானாக வாங்கி விழுங்குவதற்காக அல்ல.

2016இலயே மலேரியா இல்லையெண்டு சொல்லியாச்சு. பிறகேன் மலேரியாக் கந்தோர் இன்னும் திறந்திருக்கு?

இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். உள்ளூர்த் தொற்று மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து இல்லை என்று காட்டிய பிறகே 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக அதைப் பெற்ற நாடு இது.

போனது ஒட்டுண்ணி மட்டும்தான். அதைக் காவுகிற அனோபிலிஸ் நுளம்பு இங்கேயே இருக்கிறது. ஆண்டுக்குச் சில பத்துப் பேர் ஒட்டுண்ணியை உடம்பில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கந்தோரின் வேலை. சான்றிதழுக்கும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: உள்ளூர்த் தொற்று நின்றிருக்க வேண்டும், திரும்ப வந்தால் பிடிக்கக்கூடிய அமைப்பு இருக்க வேண்டும். கந்தோரைப் பூட்டினால் இரண்டாவது நிபந்தனை போய்விடும்.

'இல்லை' எண்டா ஒரு நோயாளியும் இல்லையெண்டோ அர்த்தம்?

இல்லை. நோயாளிக்கு எங்கே தொற்றியது என்பதுதான் கணக்கு. வெளிநாட்டில் நுளம்பு கடித்து இங்கே வந்து காய்ச்சல் கண்டால் அவர் 'வெளியிலிருந்து வந்த நோயாளி'. எத்தனை பேர் அப்படி வந்தாலும் சான்றிதழுக்குப் பாதகமில்லை. அவரைக் கடித்த உள்ளூர் நுளம்பு பக்கத்து வீட்டாரைக் கடித்து அவருக்குக் காய்ச்சல் வந்தால், அது 'முதல் தலைமுறை உள்ளூர்த் தொற்று'. அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால்தான் 'உள்நாட்டுத் தொற்று'. குருதி ஏற்றியதால் வருவதும், பழைய தொற்று திரும்ப முளைப்பதும் தனித்தனி வகைகள்.

இந்த வகைப்பிரிப்பு ஏட்டுக்காக மட்டும் எழுதுவதல்ல. வகையைப் பிழையாகப் போட்டால் களத்தில் செய்கிற வேலையும் பிழைத்துப்போகும்.

ஆளிட்ட இருந்து ஆளுக்குத் தொத்துமோ? ஒரே வீட்டில இருக்கலாமோ?

இருக்கலாம். தொட்டாலோ, ஒரே கோப்பையில் குடித்தாலோ, இருமினாலோ தொற்றாது. இடையில் பெண் அனோபிலிஸ் வேண்டும், இல்லாவிட்டால் குருதி மாறவேண்டும். குளிர்பெட்டியில் வைத்த குருதியிலும் ஒட்டுண்ணி நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மலேரியா நாட்டுக்குப் போய் வந்தவரின் குருதியை இரத்தவங்கி சில காலம் எடுக்க மறுப்பது அதனால்தான்.

1963இல 17 பேருக்குத்தான் மலேரியா இருந்ததாம். பிறகெப்பிடித் திரும்பி வந்தது?

இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் மறக்கக்கூடாத கணக்கு இது. 1934-35இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுக்கையில் தொடர்தொடராகக் குட்டைகள் தேங்கின. தெளிந்த, ஓடாத, வெயில்படும் நீர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு மிகவும் பிடித்தது. மலேரியா அதிகம் பழகாத, எதிர்ப்புச்சக்தி இல்லாத ஈரவலயச் சனத்திடையே அது பரவியதில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பிறகு 1940களின் நடுவில் டி.டி.ரி. என்ற பூச்சிநாசினித் தெளிப்புத் தொடங்கி, எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சரிந்து, 1963இல் 17இல் வந்து நின்றது.

அந்த 17ஐக் கண்டதும் வேலை முடிந்ததென்று எல்லாரும் நினைத்தார்கள். தெளிப்பு நிறுத்தப்பட்டது, பணம் குறைந்தது, காய்ச்சல்காரரிடம் குருதி எடுப்பது தளர்ந்தது. அதேநேரம் மாணிக்கக்கல் தேடியும் புதுக் குடியேற்றங்களுக்குமாகச் சனம் காட்டோரங்களுக்குப் போனது. மழையும் குறைந்தது. குருதி எடுக்காத இடத்தில் நோயாளியும் இல்லை என்றுதான் அறிக்கை சொல்லும். ஆகவே பரவல் வெளியே தெரிந்தபோது அது எப்போதோ வேர் பிடித்திருந்தது. 1969இல் பதிவானவர்கள் 5 இலட்சத்துக்கும் மேல். நுளம்பு டி.டி.ரி.க்கு அசையாமற்போனதால் 1977இலிருந்து மலத்தியன் என்ற வேறு பூச்சிநாசினிக்கு மாறவேண்டி வந்தது. திரும்பவும் பூச்சியத்துக்கு வர 2012 வரை ஆனது; 1999இல்கூட இரண்டரை இலட்சத்துக்கு மேல் நோயாளிகள் இருந்தார்கள்.

டெங்குக்குப் புகை அடிக்கேக்க மலேரியா நுளம்பும் செத்துப்போகாதோ?

பெரும்பாலும் சாகாது. புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற நுளம்பைத்தான் கொல்லும். சில மணித்தியாலத்தில் கலைந்துவிடும். டெங்கைக் காவும் ஈடிஸ் பகலில் கடிக்கும். அனோபிலிஸ் பொழுதுபட்ட பிறகுதான் கடிக்கும். குலிசிபேசிஸ் ஆற்றங்கரையிலும் மாட்டுப்பட்டியிலும் இருக்கும். புகை இயந்திரம் அந்தப் பக்கம் போவதேயில்லை. மலேரியாவுக்கு உதவுவது சுவரில் தங்கி மாதக்கணக்கில் வேலைசெய்கிற தெளிப்பும் மருந்தூட்டிய நுளம்பு வலையும். தெளித்த கையோடு சுவருக்கு வெள்ளையடித்தால் மருந்து வெள்ளைக்குக் கீழே போய்விடும். கோயில் திருவிழாவுக்கு முதல் தெளிப்புத் திகதி போடக்கூடாதென்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

குடம்பியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுகம். ஒரு வெள்ளைக் கோப்பையில் நீரை அள்ளிச் சற்று ஆறவிடுங்கள். ஈடிஸ் குடம்பி வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு மூச்சுக்குழல் இல்லை, அதனால் நீர்மட்டத்தோடு ஒட்டிச் சமாந்தரமாகக் கிடக்கும்.

சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் 'எங்க போனீங்கள், எங்க போனீங்கள்' எண்டு ஏன் கேக்கினம்?

கேட்காமல் விட்டதால் நோய் முற்றியவர்கள் இருப்பதால். காய்ச்சல், தலையிடி, உடம்புநோ, குருதிச் சிறுதட்டு குறைதல் எல்லாம் டெங்கிலும் வரும், மலேரியாவிலும் வரும். டெங்கு நிறைந்த ஊரில் இளம் வைத்தியருக்கு மலேரியா ஞாபகத்துக்கே வராது. படிக்கிற காலத்தில் ஒரு நோயாளியைக்கூடக் கண்டிருக்க மாட்டார். டெங்குச் சோதனை எடுத்து, இல்லையென்று வந்து, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று விடுகிற அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. பல்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகை மூளையையும் சிறுநீரகத்தையும் சில நாட்களிலேயே தாக்கக்கூடியது.

கேட்கிற விதமும் முக்கியம். 'வெளிநாடு போனீங்களோ?' என்றால் இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தவர் இல்லையென்று தலையாட்டக்கூடும். அவருக்கு அது வெளிநாடாகத் தெரியாது. 'கடந்த ஓராண்டில் இலங்கையை விட்டு எங்கேயாவது போனீங்களோ, இந்தியாவுக்காவது?' என்று கேட்கவேண்டும். ஆபிரிக்காவில் மாணிக்கக்கல் வியாபாரம், கப்பல் வேலை, ஐ.நா. அமைதிப்படைக் கடமை, இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய குடும்பம், இந்தியத் தொழிலாளருடன் ஒரே முகாமில் வேலை என்று எதையும் விடாமல் கேட்க வேண்டும். வெளிநோயாளர் துண்டில் இதற்கு ஒரு கோடு அச்சடித்து வைத்தால் போதும். மறதிக்கு எதிராக இதைவிட மலிவான கருவி கிடையாது.

பதினைஞ்சு நிமிசத்தில சொல்லுற துரித சோதனை இருக்கே. இன்னும் ஏன் நுணுக்குக்காட்டி?

துரித சோதனையும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஆய்வுகூடம் பூட்டியிருக்கும்போது அதுதான் கை கொடுக்கும். ஆனால் அதற்கு மூன்று பலவீனங்கள். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 100-200 ஒட்டுண்ணிக்குக் குறைந்தால் தவறவிடலாம். கைதேர்ந்த கண், கண்ணாடித் தகட்டில் தடிப்பாகப் பூசிய குருதியில் (தடித்த பூச்சில்), 50 அளவிலேயே பிடிக்கும். பல்சிபாரத்தைக் காட்டும் கோடு எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத் தேடுகிறது. எரித்திரியா போன்ற நாடுகளில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் உண்டு, அங்கிருந்து வந்தவருக்குச் சோதனை 'இல்லை' என்று பொய் சொல்லலாம். மறுபக்கம், குணமான பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் குருதியில் மிஞ்சியிருந்து 'இருக்கு' என்று பொய் சொல்லும். ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும்.

பூச்சு எடுக்கும்போது பிழைப்பது சின்னச் சின்ன இடங்களில். மதுசாரம் காயுமுன் விரலைக் குத்தினால் குருதி உருக்குலையும். தடித்த பூச்சுக்கு 6 மைக்ரோலீற்றர் அளவு, ஒரு சதமளவு வட்டமாக. அச்சடித்த பேப்பரின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரியவேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் தடிப்புக் கூடி, கழுவும்போது உரிந்துவிடும். மெல்லிய பூச்சை மட்டும் மெதனோலில் பதிக்கவேண்டும். தடித்த பூச்சில் மெதனோல் பட்டாலோ, வெயிலிலும் சூட்டிலும் நாட்கணக்கில் கிடந்தாலோ செங்கலங்கள் கரையாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றும் தெரியாது. ஜீம்சா சாயம் 3 வீதமாயின் 45-60 நிமிடம், அவசரமென்றால் 10 வீதம் 10-15 நிமிடம், தாங்கல் நீரின் பி.எச். 7.2. குழாய்த்தண்ணீரில் கலக்கினால் வைவாக்ஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வகையை அடையாளம் காட்டுகிற புள்ளிகள் எழாது.

'இல்லை' என்று எழுதுமுன் எண்ணெய் வில்லையில் குறைந்தது 100 புலங்கள் பார்க்கவேண்டும். இருந்தால் 200 வெண்கலங்களை எண்ணும்வரை ஒட்டுண்ணிகளையும் எண்ணி, வந்த தொகையை 40ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலீற்றரிலுள்ள அளவு வரும். முதல் பூச்சு 'இல்லை' என்றாலும் சந்தேகம் தீராவிட்டால் 12-24 மணிநேர இடைவெளியில் இன்னும் இரண்டுதரம் எடுக்கவேண்டும்.

தகடு பார்க்கிற ஆளுக்கு வருசத்துக்கு ஒரு மலேரியாவும் தட்டுப்படாது. பழக்கம் விட்டுப்போகாதோ?

போகும். மலேரியா ஒழிந்த நாட்டின் பெரிய பலவீனம் இதுதான். சான்றிதழ் கிடைத்த காலத்தில் நாட்டில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் பூச்சுகள் பார்க்கப்பட்டன. அதில் ஒட்டுண்ணி உள்ளவை சில பத்து. காலையிலிருந்து வெறும் தகடுகளைப் பார்க்கிற கண், உள்ளதையும் தாண்டிப் போய்விடும். சாயத் துணுக்கை ஒட்டுண்ணியென்று நினைப்பதும் இதே நோயின் மறுபக்கம்.

இதற்கு மருந்தென்றால் தகட்டு வங்கிதான். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளியிடமும், சிகிச்சை தொடங்குமுன், அவர் சம்மதத்தோடு கூடுதலாகப் பூச்சுகள் எடுத்துச் சேமிக்கவேண்டும். அந்த வாய்ப்பு ஒருநாள்தான். மருந்து உள்ளே போனதும் ஒட்டுண்ணி உருமாறிவிடும். பிறகு அந்தத் தகடுகளை வழக்கமான தகடுகளுக்கு நடுவே சொல்லாமல் கலந்து அனுப்பவேண்டும். முன்கூட்டியே சொல்லி வைக்கிற பரீட்சையில் எல்லாரும் சித்தியடைவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் முதல்தரம் பெற, இருக்கிறதா இல்லையா என்பதிலும் எந்த இனம் என்பதிலும் 90 வீதமாவது சரியாகச் சொல்லவேண்டும்.

ஒரு ஆளுக்கு மலேரியா எண்டு தெரிஞ்சா அடுத்த ஒரு கிழமை என்ன நடக்கும்?

முதலில் தொலைபேசி, பிறகுதான் பேப்பர். தகட்டில் கண்ட அந்த நிமிடமே ஆய்வுகூடம் மலேரியாத் தடை இயக்கத்துக்கு (மலேரியாக் கந்தோர்களை நடத்துகிற அரச அமைப்புக்கு) சொல்லவேண்டும். 24 மணிநேர இலக்கம் இருப்பதே இதற்குத்தான். நோயாளி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவார். தகடு மேலிடத்தில் இரண்டாம் கண்ணால் உறுதிசெய்யப்படும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது.

அடுத்தது விசாரணை: எந்த நாடு, எந்தத் திகதிகள், முன்பு மலேரியா வந்ததா, குருதி ஏற்றியதா, கூடப்போனவர்கள் யார், திரும்பிய நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் எங்கே படுத்தார். கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் இடறுகிறது. அடையாள அட்டையில் இருப்பது பிறந்த வீட்டு முகவரி. அவர் படுத்தது வேலைத்தளக் கொட்டிலில். அட்டையைப் பார்த்து அணியை அனுப்பினால் பிழையான ஊரில் நுளம்பு தேடுவார்கள். சரியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குள் பூச்சியியல் உத்தியோகத்தர் குடம்பியும் வளர்ந்த நுளம்பும் தேடுவார். வீட்டார், அயலார், கூடப்போனவர்களிடம் குருதி எடுக்கப்படும். காவும் நுளம்பு இருந்தால் தெளிப்பும் வலையும். சீனாவில் இதற்கு 1-3-7 என்று கணக்கு வைத்திருந்தார்கள்: ஒரு நாளுக்குள் அறிவிப்பு, மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் களவேலை.

ஏன் இந்த அவசரம்? நுளம்பு நோயாளியைக் கடித்தபின் ஒட்டுண்ணி அதன் உடம்பில் முற்ற, நம் வெப்பநிலையில், பத்து நாள் அளவு வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் அந்த நுளம்பு செத்தால் சங்கிலி அறுந்தது. பல்சிபாரத்தில் நுளம்புக்குத் தொற்றும் வடிவம் காய்ச்சல் தொடங்கி ஒரு கிழமைக்கு மேல் சென்றே வரும். ஆகவே சீக்கிரம் பிடித்தால் தப்பலாம். வைவாக்ஸில் அது காய்ச்சலோடு கூடவே வந்துவிடும். நோயாளி வைத்தியரிடம் வருமுன்னரே நுளம்புக்குக் கொடுத்திருப்பார். உயிராபத்துக் குறைவென்பதற்காக வைவாக்ஸைச் சின்ன நோயாக நினைக்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மலேரியா மருந்து ஏன் பாமசியில வாங்கேலாது?

இலங்கையில் மலேரியா மருந்துகள் மலேரியாத் தடை இயக்கத்தின் வழியாக, இலவசமாக மட்டுமே கிடைக்கும். பாமசியில் விற்றால் நோயாளி தானே வாங்கி அரைகுறையாக விழுங்குவார். காய்ச்சல் விடும், அறிவிப்பு வராது, குருதியில் மிச்சம் சுற்றிக்கொண்டிருக்கும். மருந்தும் நோய்க்கண்காணிப்பும் ஒரே வாசலால் போவதால் ஒரு நோயாளியும் எண்ணிக்கைக்குத் தப்புவதில்லை.

சிக்கலில்லாத பல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீதர்-லுமிபன்ட்ரின், மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கு எட்டு மணிநேரம் கழித்து இரண்டாவது. வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சேராது, பாலோ கொழுப்புள்ள உணவோ கூட வேண்டும். வைவாக்ஸுக்குக் குளோரோகுவின் மூன்று நாள், ஈரலில் ஒளிந்திருப்பதை அழிக்கப் பிரிமாகுவின் 14 நாள். ஜி6பி.டி. என்ற நொதியம் குறைந்தவருக்குப் பிரிமாகுவின் செங்கலங்களை உடைக்கும் என்பதால் அந்தச் சோதனை முதலில். கடுமையான நோய்க்கு ஆர்ட்டிசுனேற் ஊசி: 0, 12, 24ஆம் மணிகளில், பிறகு நாளுக்கொன்று. பல்சிபாரம் நோயாளியின் குருதி 28 நாள் வரையும், வைவாக்ஸ் நோயாளியினது ஓராண்டு வரையும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும். பதினான்கு நாள் மாத்திரையை நாலாம் நாள் 'சுகமாப் போச்சு' என்று நிறுத்துவதுதான் வழமையான தோல்வி. எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நிச்சயம் நிறுத்துவார்கள்.

ஆபிரிக்காவுக்குப் போறன். முன்கூட்டியே மாத்திரை எடுக்கவேணுமோ?

மலேரியாவுள்ள இடமென்றால் வேண்டும். இயக்கத்தின் கொழும்புத் தலைமையகத்திலும் பிராந்தியக் கந்தோர்களிலும் கேளுங்கள். எந்த மாத்திரை என்பது போகுமிடம், வயது, கர்ப்பம், வேறு நோய்கள் எல்லாம் பார்த்துச் சொல்லவேண்டியது. மெப்ளோகுவின் கிழமைக்கொருதரம், புறப்பட இரண்டு மூன்று கிழமைக்கு முதலே தொடங்கவேண்டும். மனநோய், வலிப்பு இருந்தவருக்கு ஆகாது. டொக்சிசைக்கிளின் தினமும், ஒன்றிரண்டு நாளுக்கு முதல் தொடங்கினால் போதும். கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைக்கும் கூடாது. இரண்டையும் திரும்பி வந்தபின் நான்கு கிழமை தொடரவேண்டும். விமானச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பயணமென்று வருகிறவருக்குத் தெரிவு சுருங்கிவிடும்.

மாத்திரை ஒண்டும் தப்பாமல் போட்டன். வந்து ஆறு மாசத்துக்குப் பிறகு மலேரியா எண்டினம். மருந்து போலியோ?

போலியல்ல. மேலே சொன்ன பயண மாத்திரைகள் குருதியில் இருப்பதைத்தான் கொல்லும். வைவாக்ஸும் ஓவேல் என்ற வகையும் ஈரலில் உறங்குநிலையில் கிடந்து, மாதங்கள் கழித்து, சிலவேளை ஓராண்டுக்குப் பிறகும் எழும்பும். வைத்தியர் ஓராண்டுப் பயணக் கதை கேட்பதும் பிரிமாகுவின் 14 நாள் கொடுப்பதும் இதனால்தான்.

எங்கட கிணத்துக்க மீன் விட்டிருக்கினம், இப்ப மருந்தும் போடவேணுமாம். குடிக்கிற தண்ணியெல்லோ?

2016இன் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முதலாகப் பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். இது சென்னை போன்ற இந்திய நகரங்களில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி மலேரியாவைக் காவுகிற இனம். குலிசிபேசிஸ்போல ஆற்றுக்குட்டையைத் தேடாது, வீட்டு முற்றத்துக்கே வரும். இது வந்து சேர்ந்த ஜிபூட்டியில் 2012இல் 27ஆக இருந்த நோயாளிகள் 2020இல் 73,000ஐத் தாண்டினார்கள். வீட்டுக்கு வீடு கிணறுள்ள வடக்கில் இதை அலட்சியமாக விடமுடியாது.

பாவனையில் உள்ள கிணற்றுக்கு முதல் தெரிவு குடம்பியைத் தின்னும் கப்பி மீன். குளோரீன் போட்டதும் மீன் சாகும். கிணறு இறைத்துச் சுத்தம் செய்தபின் திரும்ப விடவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். குடம்பியைக் கொல்லும் ரெமிபொஸ் மருந்து என்றால் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம் லீற்றருக்கு 1 மில்லிகிராம். 1 வீதக் குறுணையில் கணக்கிட்டால் 10 லீற்றருக்கு 1 கிராம். மூன்று மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர், ஆகவே 1.4 கிலோ குறுணை. அளக்கவேண்டியது நீரின் ஆழம். கிணற்றுக்கட்டின் மேலிருந்து அடிவரை அளந்தால் மருந்து இரண்டு மூன்று மடங்கு கூடிப்போகும். மாரியில் நீர் ஏறியபின் கோடைக் கணக்கில் போட்டால் குடம்பி சாகாது.

மூடிப்போட்ட, பாவிக்காத கிணறுகளைத்தான் முதலில் பாருங்கள். பாழடைந்த வளவு, ஆள் வெளிநாட்டில், படலை பூட்டு: ஊழியர் திரும்பிப் போய்விடுவார், நுளம்பு திரும்பிப் போகாது. திறப்பை அயலாரிடம் கொடுத்து வைப்பது பெரிய உதவி.

தடுப்பூசி வந்திட்டுதாமே?

வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.ரி.எஸ்.எஸ்., ஆர்21 இரண்டும் மலேரியா நிறைந்த நாடுகளில் வாழும் சிறுபிள்ளைகளுக்கானவை. இலங்கையிலிருந்து போகும் பயணிக்குப் பதில் மாத்திரைதான்.

2018இல மொனராகலையில உள்ளூர்க்காரருக்கு வந்ததெல்லோ? அப்ப சான்றிதழ் போகேல்லையோ?

போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து, வெளிநாடே போகாத இன்னொருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. இரண்டாவது பதிலில் சொன்ன 'முதல் தலைமுறை' வகை. அங்கிருந்து மேலே போகவில்லை. ஒரே இடத்தில் ஒரே இனத்தால் ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொற்றுகள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வந்தால்தான் மலேரியா திரும்ப வேர்கொண்டதாகக் கொள்ளப்படும்.

பயணமே போகாதவரின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டது அமைப்பின் வெற்றி என்றே கொள்ளவேண்டும். பயணக் கதையை மட்டும் பார்த்துச் சோதித்திருந்தால் இவர் தப்பியிருப்பார். அதனால் காரணம் தெரியாத நீடித்த காய்ச்சலுக்கு, பயணம் இல்லாவிட்டாலும், ஒரு பூச்சு எடுக்கவேண்டும்.

மலேரியா ஆக்களுக்கு வேலை குறைவு. எல்லாரையும் டெங்குக்கு விட்டா என்ன?

பாதி சரியான யோசனை. ஸ்டீபன்சியும் ஈடிஸும் ஒரே தொட்டியில் இருக்கக்கூடும்; ஒரே ஊழியர் ஒரே வருகையில் இரண்டையும் பார்ப்பது நல்லது. களப்பணியாளர், வாகனம், தெளிப்பான் எல்லாம் பகிரலாம்.

பகிரக்கூடாதவை வேறு. பூச்சியியல் உத்தியோகத்தர் ஈடிஸ் மட்டும் தேடினால் இரவில் மாட்டுப்பட்டியில் வலை கட்டுகிற வேலை நின்றுபோகும். எந்தப் பூச்சிநாசினிக்கு நுளம்பு சாகிறது என்ற சோதனையும் நின்றுவிடும்: ஒரு மணிநேரம் மருந்துத்தாளில் விட்டு 24 மணிநேரம் கழித்து எண்ணினால் 98 வீதத்துக்கு மேல் செத்திருக்கவேண்டும், 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. இதை நோயாளி வந்தபிறகு தொடங்கமுடியாது. 1989இல் இந்த வேலை மாகாணங்களுக்குப் பகிரப்பட்டதால், ஆளையும் பணத்தையும் மாகாணமும் கொழும்பும் சேர்ந்தே காக்கவேண்டும். 'டெங்கு குறைந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று எடுத்த ஆட்கள் திரும்பி வருவது அபூர்வம். எழுத்தில் திகதி போட்டுக் கொடுங்கள்.

எங்கட மாவட்டம் ஆயத்தமா இருக்கோ எண்டு எப்பிடிச் சோதிக்கிறது?

அறிக்கைகளை வைத்துச் சோதிக்கமுடியாது. நோயாளி இல்லாத மாவட்டத்தின் அறிக்கை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சனிக்கிழமை பின்னேரம் ஒரு ஒத்திகை செய்யுங்கள். கொங்கோவிலிருந்து வந்த கற்பனை நோயாளியாக ஒருவரை வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பி நேரத்தைக் குறியுங்கள்: பயணக் கேள்வி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, பூச்சு எடுக்கத் தெரிந்த ஆள் கடமையில் இருந்தாரா, துரித சோதனைப் பெட்டி எங்கே என்று தாதிக்குத் தெரிந்ததா, தொலைபேசியை மறுமுனையில் யார் எடுத்தார்.

பிறகு அலுமாரியைத் திறந்து ஆர்ட்டிசுனேற் குப்பிகளின் காலாவதித் திகதியைப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு முதல் 24 மணிநேரத்துக்கு மூன்று ஊசி, கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், 60 மில்லிகிராம் குப்பியென்றால் 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 144 மில்லிகிராம், அதாவது மூன்று குப்பி, மொத்தம் ஒன்பது. அலுமாரியில் நாலுதான் இருந்தால், மிச்சம் எந்த வைத்தியசாலையிலிருந்து, எந்த வாகனத்தில், எத்தனை மணிநேரத்தில் வரும் என்பதை அலுமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டவேண்டும். சாரதியின் இலக்கத்தோடு.